புளியரை ரோட்டுப் புகைக்கும் நெஞ்சுவலிக்கும் என்ன சம்பந்தம்?

தென்காசி, செங்கோட்டை பக்கம் யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். எங்க ஊர்ல காத்துக்கு என்னங்க கொறச்சல், குத்தாலத்துச் சாரல் மூஞ்சில அடிக்குது, மேக்க மலை நிக்குது, சுத்தி வயலு, மெட்ராஸ்காரன் காசு செலவழிச்சு இங்க வந்து மூச்சு விட்டுட்டுப் போறான்னு. பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியணும்னா செங்கோட்டைலேருந்து கேரளா போற மலைரோட்டுல புளியரை தாண்டி எஸ் வளைவுகிட்ட ஒரு சாயங்காலம் போய் நின்னு பாருங்க. எம்சாண்டும் ஜல்லியும் ஏத்துன டாரஸ் லாரிங்க ஒண்ணு பின்னால ஒண்ணா கோட்டவாசல் பாத்து ஏறும், லோடு இழுக்க முடியாம சின்ன கியர்ல முக்கி முக்கி, ஒவ்வொரு திருப்பத்துலயும் டிரைவர் ஆக்சிலேட்டர மிதிக்குறப்போ சைலன்சர்ல இருந்து கருப்பா ஒரு சுருள் கெளம்பும், பின்னாடி பைக்ல வர்றவரு ஓவர்டேக் பண்ணவும் முடியாம நிக்கவும் முடியாம அத முழுசா வாங்கிக்கிட்டே மேல ஏறுவாரு.

இந்த லாரிகளைப் பத்தி எங்க பக்கம் சண்டை புதுசு இல்ல. மறியல், மனு, பேப்பர்ல நியூஸ் எல்லாம் பாத்தாச்சு. கனிமவளம் போகுது, ரோடு ஒடையுது, ஆக்சிடென்ட் ஆகுது, தூசி பறக்குதுன்னு வரிசையா சொல்லுவாங்க. இதுல தூசின்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது தார்ப்பாய சரியா மூடாம சிந்துற அந்த சாம்பக் கலர் பொடி. கண்ணுல விழுது, காயப் போட்ட துணியில படியுது, கடை பலகாரத்துல படியுது, கோவம் வரத்தான் செய்யும். ஆனா உடம்புக்கு, முக்கியமா ஹார்ட்டுக்கு, அதை விடப் பெரிய கெடுதல் அதே லாரி விடுற புகைக்குள்ள இருக்குற கண்ணுக்குத் தெரியாத துகள். அத யாரும் மனுவுல எழுதுறதில்ல.

ரெண்டும் வேற வேறன்னு வீட்டுலயே பாத்துக்கலாம். ரோட்டோரத்துல நிக்கிற பூவரச இலையில வெரல வச்சுத் தேய்ச்சா நறநறன்னு மணல் மாதிரி ஒட்டும், ஊதுனா போயிரும். அதே ரோட்டுமேல இருக்குற கடையில சீலிங் ஃபேன் றெக்கையோட ஓரத்தத் தொடச்சுப் பாருங்க, இல்ல டியூப்லைட் பட்டிய, கருப்பா பிசுபிசுன்னு துணியில ஒட்டிக்கிட்டு சோப்பு போட்டாத்தான் போகும். மொதல்ல சொன்னது கல்லுப்பொடி. ரெண்டாவதுல டீசல் கரி, சமையல் எண்ணெய்ப் புகை எல்லாம் கலந்திருக்கும். பறந்து வந்து ஃபேன்ல அப்புறதுக்கு அது எவ்ளோ நுணுக்கமா இருக்கணும்னு யோசிச்சுக்கோங்க.

அளவு சொல்லிரணும், ஏன்னா மொத்த விஷயமும் அளவுலதான் இருக்கு. மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர ஆயிரமாப் பிரிச்சதுல ஒரு பங்கு. நம்ம தலைமுடி கனம் சுமாரா 50லேருந்து 70 மைக்ரான். 10 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருந்தா பிஎம் 10ங்கிற கணக்கு, 2.5க்குக் கீழ இருந்தா பிஎம் 2.5. அதுக்கும் கீழ 0.1 மைக்ரானை விட பொடிசா ஒரு கூட்டம் இருக்கு, எண்ணிக்கையில பாத்தா டீசல் இன்ஜின் விடுற துகள்ல பெரும்பாலானது அந்தக் கூட்டம்தான். எடை போட்டா ஒண்ணுமே இருக்காது, ஆனா எண்ணிக்கைல கோடிக்கணக்கு. லாரியில இருந்து சிந்துற எம்சாண்டுப் பொடி பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல, அதான் கண்ணுக்குத் தெரியுது, அதான் சீக்கிரம் கீழ படிஞ்சிருது.

உள்ள போறப்போ என்ன நடக்குதுன்னா, பெரிய துகள் மூக்கு முடியிலயும் தொண்டை வளைவுலயும் போய் மோதி ஒட்டிக்கும், சளியாவோ தும்மலாவோ வெளிய வந்துரும். கொஞ்சம் சின்னது மூச்சுக்குழாய் வரைக்கும் போகும், அங்க நுண்ணிய மயிர் மாதிரி ஒரு படலம் இருக்கு, அது சளியோட சேர்த்து மேல தள்ளிக்கிட்டே இருக்கும், காலையில காறித் துப்புறோம்ல அதுதான். பிஎம் 2.5 அளவுக்கு வந்துட்டா இந்த ரெண்டு காவலையும் தாண்டி காத்துப்பைக்கே போயிரும். நுரையீரல்ல கோடிக்கணக்கான காத்துப்பை இருக்கு, எல்லாத்தையும் விரிச்சுப் போட்டா கிட்டத்தட்ட 70 சதுர மீட்டர், நம்ம கணக்குல ஒண்ணேமுக்கால் சென்ட் நிலம். அவ்ளோ எடத்துலயும் ரத்தத்துக்கும் காத்துக்கும் நடுவுல இருக்குற சுவரு ஒரு மைக்ரான் கூட கனம் இல்ல. ஆக்சிஜன் தாண்டணும்னுதான் அவ்ளோ மெலிசா வச்சிருக்கு. அங்க காவலுக்கு இருக்குற செல்லுங்க வர்ற துகளை முழுங்கப் பாக்கும், ஆனா கரி செரிக்குற பொருள் இல்ல. முழுங்க முழுங்க அந்த செல்லுங்களே வீக்கத்துக்கான ரசாயனத்தைக் கக்க ஆரம்பிக்கும்.

இங்கேருந்து ஹார்ட்டுக்கு எப்படிப் போகுதுங்கிறதுதான் முக்கியமான இடம். ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு பல வழி சொல்றாங்க, எல்லாம் ஒண்ணா நடக்கும். நுரையீரல்ல வந்த வீக்கம் அங்கேயே நிக்காது, அந்த ரசாயனங்க ரத்தத்துல கலந்து ஒடம்பு முழுக்கப் போகும், ரத்தம் உறையுற தன்மை கூடும், ரத்தக்குழாய் உள்பக்கச் சுவரு வெறைப்பாகும், ஏற்கனவே கொழுப்பு படிஞ்ச இடத்துல அந்தப் படிவு பலவீனமாகி வெடிக்க வாய்ப்பு கூடும். இன்னொரு பக்கம் காத்துப்பையில இருக்குற நரம்புங்க துகள் பட்டதும் மூளைக்கு சிக்னல் குடுக்கும், அதுல நாடித்துடிப்போட ஒழுங்கு மாறும், பிரஷர் ஏறும், இதுக்கு மணிக்கணக்குல டைம் வேண்டாம். ரொம்பப் பொடிசா இருக்குற துகள் அந்த மெலிசுச் சுவரையே தாண்டி நேரா ரத்தத்துல எறங்கிரும்.

கடைசியாச் சொன்னது ரொம்ப நாளா வெறும் சந்தேகமா இருந்துச்சு. கரித்துகளை ரத்தத்துல தேடிக் கண்டுபிடிக்கிறது லேசு இல்லையே. ஸ்காட்லாந்துல இருக்குற எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை பண்ணாங்க, ஒடம்புக்குக் கெடுதல் பண்ணாத தங்கத்தை நானோ அளவுக்குப் பொடியாக்கி ஆரோக்கியமான ஆளுங்கள மூச்சுல இழுக்க விட்டாங்க. சிலருக்கு 15 நிமிஷத்துலயே ரத்தத்துல தங்கம் தெரிஞ்சுது, மூணு மாசம் கழிச்சும் இருந்துச்சு. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணிக்க இருந்த நோயாளிங்களும் இதுல சேர்ந்தாங்க, அவங்க குழாயில இருந்து எடுத்த கொழுப்புப் படிவுலயும் தங்கம் இருந்துச்சு. அதாவது மூச்சுல போனது எங்க புண்ணு இருக்கோ அங்க போய் சேந்திருக்கு. இது 2017ல வந்த ஆய்வு. என்னைக் கேட்டா இந்த விஷயத்துல இத விடத் தெளிவான சோதனை வேற இல்ல.

அதே எடின்பரோ ஆளுங்க 2007ல பண்ணது இன்னும் நேரடியான சோதனை. ஏற்கனவே ஒரு தடவை ஹார்ட் அட்டாக் வந்து, இப்போ நல்லா இருக்குற 20 ஆம்பளைங்க. ஒரு ரூம்ல ஒரு மணி நேரம், ஒரு நாள் சுத்தமான காத்து, இன்னொரு நாள் டீசல் புகையைக் கலந்த காத்து, நடுநடுவுல சைக்கிள் மிதிக்கச் சொல்லி இசிஜி எடுத்தாங்க. டீசல் இருந்த நாள்ல ஹார்ட் தசைக்கு ரத்தம் பத்தாமப் போறதக் காட்டுற, இசிஜி கோட்டுல வர்ற இறக்கம் கணிசமா அதிகமா இருந்துச்சு, ரத்தக்கட்டியைக் கரைக்க ஒடம்பு தானாச் சுரக்குற பொருளும் கொறஞ்சுது. அந்த ஆளுங்களுக்கு நெஞ்சுவலி ஒண்ணும் தெரியல, இசிஜிக்கு மட்டும் தெரிஞ்சுது. புகையோட அளவு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம். கேக்க பெரிய அளவாத் தெரியும், ஆனா டிராஃபிக் நெருக்கமா இருக்குற பெரிய ஊரு ரோட்டுல கொஞ்ச நேரத்துக்கு அந்த அளவு வரத்தான் செய்யுது. புளியரை ஏத்தத்துல லாரிக்குப் பின்னால சைக்கிள் மிதிக்கிறவரு அந்த ரூம்ல இருந்த மாதிரிதான், ஒரே வித்தியாசம் அவருக்கு இசிஜி மாட்டல.

இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஒலகம் புகைன்னா நுரையீரல்னுதான் நெனச்சிட்டு இருந்துச்சு. 1952 டிசம்பர்ல லண்டன்ல அஞ்சு நாள் கரிப்புகை மூடுபனி நின்னப்போ நாலாயிரம் பேருக்கு மேல செத்தாங்க, பின்னாடி பண்ண கணக்குல பன்னெண்டாயிரம் வரைக்கும் போகுது. எல்லாரும் மூச்சுத்திணறல்னு பேசுனாங்க, ஆனா அதுல ஹார்ட் நோயாளிங்களும் நெறைய. அப்புறம் 1993ல ஹார்வர்டு ஆளுங்க அமெரிக்காவுல ஆறு ஊர்ல எட்டாயிரத்துச் சொச்சம் பேரை 14, 16 வருஷம் பின்தொடர்ந்து பாத்துட்டு, அழுக்குக் காத்து அதிகமா இருந்த ஊர்ல சுத்தமான ஊரை விட சாவு 26 சதவீதம் கூடன்னு சொன்னாங்க, சிகரெட் பழக்கம் எல்லாத்தையும் கழிச்ச பிறகு. கம்பெனிக்காரங்க அத எதுக்காம இருப்பாங்களா, டேட்டாவ வேற குழு மறுபடி சோதிச்சும் அதே விடைதான் வந்துச்சு.

அதே அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல நடந்தத யாரும் திட்டம் போட்டுப் பண்ணல. அங்க ஒரு பள்ளத்தாக்குல இரும்பு ஆலை ஒண்ணு தொழிலாளர் தகராறுல 1986 ஆகஸ்ட்லேருந்து சுமார் ஒரு வருஷம் மூடிக் கெடந்துச்சு. ஆர்டன் போப்னு ஒரு பொருளாதார வாத்தியார், டாக்டர் கூட இல்ல, ஆஸ்பத்திரி ரெக்கார்டை எடுத்துப் பாத்தா ஆலை ஓடுன குளிர்காலங்கள்ல மூச்சு நோய்க்கு அட்மிட் ஆன புள்ளைங்க, மூடுன குளிர்காலத்த விட ரெண்டு மூணு மடங்கு. மலை சுத்தி இருக்குற ஊரு, பனிக்காலத்துல காத்து நகராது. நம்ம பக்கத்துக்காரனுக்கு அந்த அமைப்பு புரியும்.

சரி, ஹார்ட் அட்டாக்குக்கு எவ்ளோ நேரம் ஆகும்? இதுக்கு ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்னு ஒரு ஊர்ல ஹார்ட் அட்டாக் வந்து பொழச்ச 691 பேர்கிட்ட, வலி வர்றதுக்கு முந்தி மணி வாரியா எங்க இருந்தீங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டு 2004ல எழுதுனாங்க. டிராஃபிக்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அட்டாக் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு. கார், பஸ், பைக், சைக்கிள் எல்லாத்துலயும். இதுல சத்தமும் டென்ஷனும் ஒரு பங்கு இருக்கலாம், புகை மட்டுமேன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வருஷக்கணக்குல புகைய இழுத்தாத்தான் நோய் வரும்ங்கிற நெனப்பு பாதிதான் சரி. வருஷக்கணக்குல அடைப்பு வளரும், ஒரு மணி நேரத்துல அது வெடிக்கலாம்.

இப்போ எல்லாரும் கேக்குற கேள்விக்கு வர்றேன், நம்ம ஊரு டெல்லி இல்லையே?

இல்லதான். ஆனா இந்தக் கணக்கு நேர்கோட்டுல போகாது. பிஎம் 2.5 அளவையும் ஹார்ட் நோயில சாவுற வாய்ப்பையும் கோடு போட்டுப் பாத்தா, ஆரம்பத்துல செங்குத்தா ஏறும், மேல போகப் போக சாய்வு கொறையும். அதனால கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம்லேருந்து 20க்குப் போறப்போ வர்ற கெடுதல் 200லேருந்து 210க்குப் போறப்போ வர்றத விட ரொம்ப அதிகம். சிகரெட்டும் அப்படித்தான், நாளைக்கு ஒண்ணு ரெண்டு குடிக்கிறவருக்கே ஹார்ட் ரிஸ்க்ல கணிசமான பங்கு வந்துருது. அமெரிக்காவுல ஆறு கோடி வயசானவங்க ரெக்கார்டை வச்சு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடுனா சாவு 7.3 சதவீதம் கூடுது, ஆனா 12க்குக் கீழ இருக்குற சுத்தமான ஏரியாவ மட்டும் தனியா எடுத்தா 13.6 சதவீதம். சுத்தமான ஊர்க்காரன் பத்திரம்னு ஒரு எல்லைக்கோடு இதுவரைக்கும் சிக்கல. அதனாலதான் உலக சுகாதார நிறுவனமான டபிள்யூஎச்ஓ 2021ல வருஷ சராசரிக்கு வரம்ப 10லேருந்து 5க்குக் கொறச்சாங்க. நம்ம நாட்டு வரம்பு 2009ல போட்டது, 40. ஆக, போன்ல ஆப் பச்சைக் கலர் காட்டுச்சுன்னா நம்ம நாட்டு அளவுக்குப் பரவால்லன்னு அர்த்தம், அவ்ளோதான். அதுவும் சின்ன ஊருக்கு அந்த ஆப் காட்டுற நம்பர் பல சமயம் தூரத்து மீட்டரையோ சாட்டிலைட்டையோ வச்சுப் போட்ட கணக்கு, எஸ் வளைவுல நிக்கிறவன் மூக்குக்குள்ள எவ்ளோன்னு அதுக்குத் தெரியாது.

டவுன் வேண்டாம், கிராமத்துக் கணக்கு வேணும்னா ஐதராபாத் பக்கத்துல 28 கிராமத்துல பண்ண ஆய்வு இருக்கு. வருஷ சராசரி சுமாரா 33 மைக்ரோகிராம், நம்ம அரசாங்க வரம்புக்கு உள்ளதான். அங்கயே நுண்தூசி கொஞ்சம் கூடுதலா இருந்த எடத்துப் பொம்பளைங்களுக்கு பிரஷர் கூட இருந்துச்சு.

ஒலக அளவுல வெளிக்காத்து மாசுல சாவுறவங்கள்ல 68 சதவீதம் பேர் போறது மாரடைப்பு, பக்கவாதத்துல. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு 14, சளிக்காய்ச்சல் மாதிரி மூச்சுத்தொற்று 14, நுரையீரல் கேன்சர் 4. இது டபிள்யூஎச்ஓவோட 2019 கணக்கு. நம்ம ஆளுங்க மனசுல இந்த வரிசை அப்படியே தலைகீழா இருக்கு. புகைன்னா கேன்சர், இல்லன்னா ஆஸ்துமா. மாரடைப்பு வந்து ஒருத்தர் போயிட்டா சுகர் இருந்துச்சு, பரோட்டா தின்னாரு, டென்ஷன்ம்பாங்களே ஒழிய, 20 வருஷம் மெயின்ரோட்டுல கடை வச்சிருந்தாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அதுக்காக நுரையீரல விட்டுற முடியாது. எங்க பக்கம் நுரையீரலுக்கு வர்ற தூசி ஒரு வகை இல்ல. கிரஷர்ல வேலை பாக்குறவருக்கு கல்லுக்குள்ள இருக்குற சிலிக்கா. இலையில படியுற பொடிய விட புகைதான் பெரிய கெடுதல்னு மேல சொன்னேன்ல, அது ரோட்டுல போறவருக்கு. கல்லு ஒடையுற எடத்துலயே நிக்கிறவருக்கு 4 மைக்ரானுக்குக் கீழ இருக்குற சிலிக்காவும் சேந்து போகும், அது காத்துப்பையில தழும்பு போடும், தழும்பு ஆறாது, வேலைய விட்டாலும் வளரும், டிபியும் சுலபமா ஒட்டிக்கும். சிலிக்கோசிஸுக்கு இன்னைக்கு வரைக்கும் குணப்படுத்துற மருந்து கெடையாது. அந்த வேலையில கழுத்துல கெடக்குற துண்ட மூக்குல கட்டிக்கிட்டா போதும்னு நெனக்கிறது ரொம்பத் தப்பான நம்பிக்கை, துண்டோட நூலுக்கு நடுவுல இருக்குற ஓட்டை துகளை விட பல மடங்கு பெருசு. தண்ணி தெளிச்சு ஒடைக்கிறதுதான் அங்க மொத மருந்து. பிரானூர் பக்கம் மரம் அறுக்குற மில்லுல மரத்தூள், அதுக்கும் மூக்குக் கேன்சருக்கும் தொடர்பு உறுதியாத் தெரிஞ்சது. கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் மடியில சொளவ வச்சு பீடி சுத்துற அக்காமாருக்கு புகையிலைத் தூள். அதப் பத்தி தனியாவே எழுதணும், இங்க எடம் பத்தாது.

சிகரெட்டே தொடாத பொம்பளைக்கு நுரையீரல் அடைப்பு எப்படி வருதுங்கிறதுக்கு பதில் அடுப்புலதான் இருக்கு. விறகு, கொதும்பு, தென்ன மட்டை, மழைக்காலத்துல நனஞ்ச சுள்ளி, ஊதுகுழல வச்சு மூஞ்சிய கிட்ட கொண்டுபோய் ஊதுறது. வீட்டுக்குள்ள எரிக்கிற புகையில 2020ல ஒலகத்துல 32 லட்சம் பேர் செத்ததா கணக்கு. இப்போ பெரும்பாலான வீட்டுல சிலிண்டர் இருக்கு, ஆனா வெந்நீர் போடவும் நெல்லு அவிக்கவும் மாட்டுக்குக் காச்சவும் பின்கட்டுல அடுப்பு எரியத்தான் செய்யுது. கேஸ் வந்ததும் எல்லாம் சரியாகும்னு நானும் சொல்ல மாட்டேன். இந்தியா உட்பட நாலு நாட்டுல, இந்தியாவுல நம்ம தமிழ்நாட்டுல, கர்ப்பிணிங்களுக்கு கேஸ் அடுப்பு குடுத்து பண்ண பெரிய ஆய்வுல, அவங்க இழுக்குற நுண்தூசி நல்லாவே கொறஞ்சுது, ஆனா பிறந்த கொழந்தை எடையில பெரிய வித்தியாசம் வரலன்னு 2022ல முடிவு வந்துச்சு. ஒடம்பு பழைய கணக்க அவ்ளோ சீக்கிரம் அழிக்காதோ, இல்ல கர்ப்பத்துக்கு முந்தியே ஆரம்பிக்கணுமோ, பேச்சு இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. அது போக ராத்திரி கொசுவர்த்தி. ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற பிஎம் 2.5 அளவு 75லேருந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு 2003லயே அளந்து சொல்லிட்டாங்க. லாரிக்காரன திட்டிட்டு வந்து கதவச் சாத்தி சுருள் ஏத்திட்டுப் படுக்குறோம்.

பள்ளிக்கூடப் புள்ளைங்க விஷயம் வேற. நுரையீரல் பதினெட்டு இருபது வயசு வரைக்கும் வளரும். தெற்கு கலிபோர்னியாவுல பத்து வயசுலேருந்து பதினெட்டு வரைக்கும் புள்ளைங்கள வருஷா வருஷம் ஊத வச்சு அளந்தாங்க, மாசு அதிகமான ஊர்ல வளந்த புள்ளைங்களுக்கு நுரையீரல் வளர்ச்சி கொறவு, அந்தக் கொறவு பின்னாடி ஈடாகுறது கஷ்டம். நல்ல சேதியும் அதே ஆய்வுலதான் வந்துச்சு, அங்க காத்து சுத்தமாக சுத்தமாக அடுத்தடுத்து வந்த செட்டுப் புள்ளைங்களுக்கு வளர்ச்சி கூடுச்சு. ஸ்கூல் விடுற நேரத்துல ஹெவி வண்டிய டவுனுக்குள்ள விடாதேன்னு கேக்குறது ஆக்சிடென்டுக்காக மட்டும் இல்லன்னு பெத்தவங்க சொல்லணும்.

எப்போ மோசம், எப்போ பரவால்லங்கிறதுக்கு எங்க ஊர்ல காலண்டரே இருக்கு. ஆனி ஆடியில ஆரியங்காவு கணவாய் வழியா மேகாத்து அடிக்கும் பாருங்க, சைக்கிள் நகராது, அந்தக் காத்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிரும், மழை மிச்சத்தக் கழுவிரும். மார்கழி தைதான் வெவகாரம். ராத்திரி தரை குளுந்து போகும், தரைய ஒட்டுன காத்தும் குளுந்து கனமா கீழயே படுத்துக்கும், மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும், ராத்திரி பூரா ஏறுன லாரிப் புகையும் காலையில பத்த வச்ச அடுப்புப் புகையும் குப்ப எரிச்ச புகையும் அதுக்குள்ளயே சுத்தும். வெள்ளன அஞ்சு மணிக்குப் பாத்தா பனி எறங்குதுன்னு தோணும். அது முழுக்கப் பனி இல்ல. அந்த நேரம் பாத்துதான் நம்ம பெருசுங்க மப்ளர் கட்டிக்கிட்டு மெயின்ரோட்டு ஓரமா வாக்கிங் போறாங்க, ஏன்னா டாக்டர் நடக்கச் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணாச்சிகிட்ட, ஸ்டென்ட் வச்ச ஆளு, கொஞ்சம் வெயில் வந்த பிறகு கொளத்துக்கரைப் பக்கம் போங்களேன்னு சொன்னதுக்கு "அங்கன நாய் கெடக்கு தம்பி, ரோட்டுலன்னா லைட்டு வெளிச்சமாவது இருக்கு, நாலு ஆளு பாக்காவ"ன்னாரு. அவர் சொல்றதும் நெசந்தான், அதனாலதான் இது தனி மனுசன் புத்தி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லங்கேன்.

நடக்கவே வேண்டாமான்னு கேட்டா, நடங்க. ஒக்காந்தே இருந்தா வர்ற கெடுதல் அதை விடப் பெருசு. எடத்தையும் நேரத்தையும் மாத்துனா போதும், ரோட்டுலேருந்து நூறு இருநூறு மீட்டர் உள்ள தள்ளிப் போனாலே பொடிசுத் துகள் எண்ணிக்கை நல்லாக் கொறஞ்சிரும். மாஸ்க் போடுறதா இருந்தா என்95, மூஞ்சில காத்து கசியாம ஒட்டணும். பெய்ஜிங்ல ஹார்ட் நோயாளிங்க 98 பேர டவுனுக்குள்ள நடக்க விட்டு, மாஸ்க் போட்ட நாளும் போடாத நாளும் ஒப்பிட்டதுல போட்ட நாள்ல பிரஷரும் தொந்தரவும் கொறவா இருந்துச்சு. சாதா துணி மாஸ்க்கும் கர்ச்சீப்பும் கண்ணுக்குத் தெரியுற மண்ணுக்கு சரி.

ரோட்டுல தண்ணி லாரி விட்டு நனைக்கிறாங்க, தார்ப்பாய் கட்டுன்னு ஃபைன் போடுறாங்க, ரெண்டும் வேணும், ஆனா ரெண்டும் மண்ணுக்கான வைத்தியம். டீசல் துகளுக்கு வைத்தியம் சைலன்சர்ல வர்ற பில்டர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ் 6ங்கிற புதுப் புகை விதிப்படி வந்த லாரியில அது இருக்கு, அதுக்கு முந்துன லாரிங்கள்ல பெரும்பாலும் கெடையாது. அந்த பில்டர் ஹார்ட்டுக்கு உண்மையிலயே ஒதவுமான்னும் எடின்பரோ ஆளுங்களே 2011ல பாத்துட்டாங்க, பில்டர் போட்ட இன்ஜின் புகைய ஆளுங்கள இழுக்க விட்டப்போ ரத்தக்குழாய் சரியா விரியாமப் போறதும் ரத்தம் உறையுறதும் கொறஞ்சுது. அப்போ கெடுதல் வாயுவுல இல்ல, துகள்லதான்னு தெளிவாச்சு. நம்ம புகை சர்டிபிகேட் டெஸ்ட்ல டீசல் வண்டிக்குப் பாக்குறது என்னன்னா, வண்டி நின்ன எடத்துல ஆக்சிலேட்டர மிதிச்சு புகை எவ்ளோ வெளிச்சத்த மறைக்குதுன்னு. லோடோட மலை ஏறுறப்போ என்ன வருதுன்னு அதுல தெரியாது, பொடிசுத் துகளோட எண்ணிக்கையும் தெரியாது. அதனால மனு எழுதுறவங்க இனிமே தார்ப்பாயோட சேர்த்து பழைய வண்டி எத்தனை, பில்டர் உள்ளது எத்தனைன்னும் கேக்கலாம், செக்போஸ்ட்ல க்யூவுல நிக்கிறப்போ இன்ஜினை அணைக்கச் சொல்லலாம், அணைக்கிறதுக்குக் காசு ஒண்ணும் செலவில்ல, டீசல் மிச்சம்தான்.

டாக்டர்கிட்ட போறப்போ ஒண்ணு. புகையில நின்னுட்டு வந்து நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தா எங்க ஊர் வழக்கம் ரெண்டு, வாயுன்னு சோடா குடிக்கிறது, இல்லன்னா "தூசி ஒத்துக்கல, ஆவி புடிக்க மெஷின் வைங்க"ன்னு கிளினிக்ல கேக்குறது. ஆஸ்துமாக்காரருக்கு அது சரி. ஆனா நாப்பது தாண்டுன ஆளு, சுகரோ பிரஷரோ உள்ளவரு, வேர்த்து ஊத்துது, தாடைக்கோ கைக்கோ வலி போகுது, இல்ல வலியே இல்லாம திடீர்னு மூச்சு வாங்குதுன்னா, சுகர்காரருக்கும் பொம்பளைங்களுக்கும் அப்படித்தான் பல சமயம் வரும், மொதல்ல இசிஜி எடுங்கன்னு வாய்விட்டுக் கேளுங்க. திருநவேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ கார் புடிக்க ஆள் தேடி அரை மணி நேரத்தத் தொலைக்க வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே 2023லேருந்து இதயம் காப்போம் திட்டத்துல ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாட்டின்னு மொத டோஸ் மாத்திரை குடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. 108க்கு போனப் போட்டுட்டு அங்க போங்க, போனதும் எங்க வேலை பாக்குறீங்க, ரோட்டுக் கடையா, கிரஷரா, லாரியா, அடுப்படியா, எத்தனை வருஷம்னு அவங்க கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிருங்க.